தாதியர் கல்வியில் தன்னம்பிக்கையும் பிரச்சினை தீர்க்கும் ஆற்றலும்

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவேறுவதன்று. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் கூறுகளாகத் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து எண்ணுகின்றது. வடமொழியிலுள்ள சரக சங்கிதையும் இந்நான்கினையே மருத்துவத்தின் நாற்பாதங்களாகக் கொண்டு, ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு குணங்களை வகுத்துள்ளது. பணிவிடை செய்வோர்க்கு அந்நூல் வகுத்த குணங்களாவன: பணிவிடை முறையை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடத்து அன்பு, தூய்மை என்பன. இக்காலத்துத் தாதியரிடத்து நாம் எதிர்பார்ப்பனவும் இவையே.

இந்நான்கனுள் முறையறிவு நூலாலும் ஆசிரியர் உரையாலும் வருவது. தூய்மை பழக்கத்தால் வருவது. அன்பு இயல்பாலும் வளர்ப்பாலும் அமைவது. கைத்திறனோ பிறிதோர் உடலைத் தொட்டுப் பயின்றாலன்றி முற்றுப்பெறாது. தச்சுத் தொழில் பயில்வோன் உளி தவறிவிடின் அம்மரத்துண்டை எறிந்துவிட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்ளலாம். கணிதம் பயில்வோன் விடை பிழைத்தால் அழித்து எழுதலாம். தாதித் தொழில் பயில்வோரின் கை தவறுமாயின் வருந்துவது வேறோர் உயிர். இதனாலேயே அக்கல்வியில் அச்சம் பெரிதாகின்றது. அவ்வச்சத்தை நீக்கும் முறையும் பெரிதும் ஆராயத்தக்கதாகின்றது.

நூலறிவு நிரம்பிய மாணவியொருத்தி நோயாளியின் படுக்கையருகே செயலற்று நிற்பதும், அறிவிற் குறைந்த மற்றொருத்தி துணிந்து தவறிழைப்பதும் தாதியர் கல்லூரி ஆசிரியர்கள் நன்கறிந்த காட்சிகளாகும். முன்னவளிடத்துக் குறைவது தன்னம்பிக்கை. பின்னவளிடத்துக் குறைவது பிரச்சினையை ஆராய்ந்து தீர்க்கும் ஆற்றல். இவ்விரண்டும் யாவை, தம்முள் எவ்வாறு இயைபுடையன, எவ்வாறு வளர்க்கப்படுவன என்பன இக்கட்டுரையில் ஆராயப்படும்.

வரலாறு தரும் பாடம்

தற்காலத் தாதியர் கல்விக்கு வித்திட்டவர் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் (1820 - 1910) என்பது யாவரும் அறிந்ததே. கிரைமியப் போரின்போது, 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குற்றாரி என்னுமிடத்துப் படை வைத்தியசாலையை அவர் அடைந்தார். இரவில் விளக்கேந்தி நோயாளரைப் பார்வையிட்ட அவரது உருவமே பலர் நெஞ்சில் நிலைத்துள்ளது. ஆயினும், அவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க செய்தி வேறொன்று. அம்மையாரும் அவருடன் சென்றோரும் அன்பிலும் உழைப்பிலும் யாதுங் குறை வைத்தாரல்லர். அங்ஙனமிருந்தும் அங்கு மரணம் குறையவில்லை. 1855ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அஃது உச்சநிலையை அடைந்தது. மார்ச்சு மாதத்தில் பிரித்தானிய அரசாங்கம் அனுப்பிய சுகாதார ஆணைக்குழுவினர் வந்து, கட்டிடத்தின் கழிவு நீர்க்கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே மரணம் விரைந்து குறையலாயிற்று.

போர் முடிந்து தாயகம் மீண்ட நைற்றிங்கேல் அம்மையார் மரணக் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார். போரிற் பட்ட புண்ணால் இறந்தோரினும், வைத்தியசாலையிற் பரவிய நோய்களால் இறந்தோரே மிகப் பலர் என்பதைக் கண்டார். அதனை விளக்கும் வரைபடங்களை 1858ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளிவிபரக் கழகத்தின் முதற் பெண் உறுப்பினராகவுந் தெரிவு செய்யப்பட்டார். பணிவிடைக்கு அன்பு மட்டும் போதாது. கண்டதைக் குறித்து, குறித்ததை ஆராய்ந்து, காரணத்தை நாடும் அறிவும் வேண்டும் என்பது இதனாற் புலனாகும். 1859ஆம் ஆண்டு தாதித் தொழில் பற்றி அவர் இயற்றிய நூலில் நோயாளரை உற்றுநோக்கல் பற்றித் தனியோர் அதிகாரம் அமைந்திருத்தல் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. அடுத்த ஆண்டாகிய 1860இல், இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் கல்லூரி தொடங்கிற்று.

எனினும், அதன் வழித்தோன்றிய கல்லூரிகள் பலவற்றிலும் நெடுங்காலம் முதலிடம் பெற்றது கீழ்ப்படிவே. இட்ட கட்டளையை வழுவின்றி நிறைவேற்றுபவளே நல்ல தாதி எனப்பட்டாள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே இந்நிலை மாறலாயிற்று. 1961ஆம் ஆண்டு ஐடா ஜீன் ஒர்லாண்டோ என்னும் அமெரிக்க அம்மையார் வெளியிட்ட நூலும், 1967ஆம் ஆண்டு யூறா, வோல்ஷ் என்னும் இருவர் வெளியிட்ட நூலும் தாதியின் தொழிலைச் சிந்தனை முறையொன்றாக விளக்கின. நோயாளியின் நிலையை மதிப்பிடல், செய்வதைத் திட்டமிடல், திட்டத்தைச் செயற்படுத்தல், விளைவை மீளமதிப்பிடல் என்பன அம்முறையின் படிகள். பிற்காலத்தார் மதிப்பிடலுக்கும் திட்டமிடலுக்கும் இடையே, நோயாளியின் குறை இன்னதெனத் துணிதலைத் தனிப்படியாகச் சேர்த்து ஐந்தாக்கினர்.

தன்னம்பிக்கையின் இயல்பு

தன்னம்பிக்கை என்னுஞ் சொல்லைப் பொதுவாக வழங்குகின்றோமாயினும், உளவியலார் அதனைக் கூர்மைப்படுத்தி ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகவிருந்த அல்பேட் பண்டூரா (1925 - 2021) 1977ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறையிற் பெரிதும் போற்றப்படுவது. குறித்தவொரு செயலைத் தன்னாற் செய்து முடித்தல் கூடும் என்று ஒருவர் தம்மைப்பற்றிக் கொள்ளும் நம்பிக்கையே அவர் ஆராய்ந்த பொருள். அஃது எல்லாச் செயல்களுக்கும் ஒன்றாயிருப்பதன்று. நோயாளியைப் படுக்கையிற் புரட்டிக் கிடத்துவதில் அச்சமற்ற மாணவி ஊசி ஏற்றுவதற்கு அஞ்சலாம். ஊசி ஏற்றுவதில் வல்லவள் மரணத்தறுவாயிலுள்ளவரின் உறவினரோடு பேசுவதற்கு அஞ்சலாம். ஆதலின், "உனக்குத் தன்னம்பிக்கை இல்லை" எனப் பொதுப்படக் கூறுதல் பயனற்றது. எச்செயலில் இல்லை என வினவுதலே முறையாகும்.

இந்நம்பிக்கைக்கு ஊற்றுக்கள் நான்கு எனப் பண்டூரா கூறினார். ஊசி ஏற்றும் பயிற்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை விளக்கலாம். தசையினுள் ஏற்றும் ஊசி தோலுக்குச் செங்குத்தாக, அஃதாவது 90 பாகையில், செல்ல வேண்டும். தோலின் கீழ் ஏற்றும் ஊசி பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில் செல்லும். உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தினையும் முன்னரே சரிபார்த்தல் வேண்டும். இவையனைத்தையும் ஒப்புவிக்கவல்ல மாணவிக்கும் முதன்முறை ஊசியைக் கையிலெடுக்குங்கால் விரல் நடுங்குதல் இயல்பே.

முதலாவது ஊற்று, தானே செய்து வெற்றி பெற்ற அனுபவம். நான்கனுள்ளும் வலிமை மிக்கது இதுவே. தோடம்பழத்தில் நீரேற்றிப் பழகுதல், பின்னர்ப் பாவையிற் பழகுதல், அதன்பின் ஆசிரியர் பக்கத்தில் நிற்க நோயாளிக்கு ஏற்றுதல் எனப் படிப்படியாக அமையும் பயிற்சி ஒவ்வொரு படியிலும் சிறு வெற்றியைத் தருகின்றது. ஆயின், எளிய வெற்றிகளை மட்டும் கண்டவர் முதற் தோல்வியிலேயே சோர்வர். இடையூற்றை முயன்று கடந்த வெற்றியே நிலைக்கும் நம்பிக்கையைத் தருமெனவும் பண்டூரா கூறினார்.

இரண்டாவது, தன்னை ஒத்தோர் செய்வதைக் காண்டல். இருபதாண்டு அனுபவமுடைய தாதி ஒரு கணத்தில் ஊசியேற்றி முடிப்பதைக் காணும் மாணவி வியப்புறுவாளேயன்றித் தானும் அவ்வாறு செய்யலாமென எண்ணாள். தனக்கு ஓராண்டு மூத்த மாணவியொருத்தி சிறிது தயங்கி, பின் தயக்கத்தை வென்று, செவ்வையாகச் செய்து முடிப்பதைக் காண்பாளாயின், "இவளால் இயல்வது என்னாலும் இயலும்" என எண்ணுவாள். மூத்த மாணவரை இளையோர்க்குத் துணையாக அமர்த்துவதன் பயன் இதுவாகும்.

மூன்றாவது, பிறர் கூறும் ஊக்கவுரை. வெறும் புகழ்ச்சி நெடுநேரம் நில்லாது. "நன்று" என்பதினும், "தோலைத் துடைத்தபின் அஃது உலரும்வரை காத்திருந்தீர்; அது சரி. ஊசியை உட்செலுத்துகையில் இடையிலே தயங்கினீர், தயங்கினால் வலி மிகும்" என்று கூறுதல் பயன் மிகவுடையது. செய்தது எது, திருந்த வேண்டியது எது என்பதை மாணவி அதனால் தெளிவாக அறிகின்றாள். மாறாக, நோயாளியின் முன்னிலையில் ஆசிரியர் கூறும் ஒரு கடுஞ்சொல், பல நாட் பயிற்சியால் வந்த நம்பிக்கையை ஒரு நொடியில் அழித்துவிடும். நோயாளியின் நம்பிக்கையையும் உடன் அழிக்கும்.

நான்காவது, உடல் நிலையையும் மன நிலையையும் ஒருவர் பொருள்கொள்ளும் முறை. நெஞ்சு படபடத்தலும் உள்ளங்கை வியர்த்தலும் திறமையின்மைக்கு அடையாளமென எண்ணும் மாணவி மேலும் அஞ்சுவாள். புதுச் செயலுக்கு உடல் தன்னை ஆயத்தம் செய்கின்றதென அறிந்தவள் அமைதியடைவாள். 1908ஆம் ஆண்டு யேக்ஸ், டொட்சன் என்னும் உளவியலார் எலிகளைக்கொண்டு செய்த சோதனையின் வழி வந்த கொள்கையும் ஈண்டு நினைக்கத்தக்கது. கிளர்ச்சி சிறிதுமின்றேல் கற்றல் மந்தமாகும். அளவுக்கு மிஞ்சினாலோ, கடினமான செயல்கள் முதலிற் கெடும் என்பது அக்கொள்கையின் சாரம்.

பிரச்சினை தீர்த்தல் யாது?

விடை காணும் முறை முன்னரே தெரிந்த வினா பயிற்சிக் கணக்கேயன்றிப் பிரச்சினையன்று. 1000 மில்லிலீற்றர் திரவத்தை 8 மணித்தியாலத்தில் நாளத்தினூடு ஏற்றவேண்டும். குழாயின் அமைப்பினால் 20 துளி ஒரு மில்லிலீற்றராகும். நிமிடத்துக்கு எத்தனை துளி விழவேண்டும் எனக் கேட்டால், 20,000 துளியை 480 நிமிடத்தாற் பிரித்து, ஏறத்தாழ 42 எனச் சொல்லிவிடலாம். இது கணக்கு. அவ்வாறு விழுந்துகொண்டிருந்த துளி நள்ளிரவில் நின்றுவிட்டதெனின் அது பிரச்சினை. நோயாளி கையை மடக்கினாரா, குழாய் முறுக்கிக்கொண்டதா, போத்தல் தாழ்ந்துவிட்டதா, ஊசி நாளத்தைவிட்டு விலகிக் கை வீங்குகின்றதா, குருதி உறைந்து அடைத்ததா எனப் பல காரணங்கள் தோன்றும். அவற்றை ஒழுங்காக ஆராய்ந்து உண்மைக் காரணத்தைக் காணுதல் வேண்டும். கேத்திரகணிதத்தில் தேற்றங்களை மனனஞ் செய்த மாணவன் அவற்றின் வழிவரும் புதுக் கணக்கிற் கலங்குவதும் இத்தகையதே.

சிந்தனை பற்றி 1910ஆம் ஆண்டு நூலியற்றிய ஜோன் டூயி என்னும் அமெரிக்க அறிஞர், ஆராய்ச்சிச் சிந்தனைக்கு ஐந்து படிகள் கூறினார். இடர்ப்பாடொன்று இருப்பதை உணர்தல், அஃது எங்கே, எத்தகையது என வரையறுத்தல், தீர்வாகத்தக்கனவற்றைக் கருதல், ஒவ்வொன்றும் உண்மையாயின் எவை விளையுமென எண்ணிப்பார்த்தல், மேலும் நோக்கி ஒன்றைக் கொள்ளுதல் அல்லது தள்ளுதல் என்பன அவை. நோயாளியின் படுக்கையருகில் இப்படிகள் எவ்வாறு அமையுமென்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டால் அறியலாம்.

வயிற்றிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஒருவர் வாட்டுக்குக் கொண்டுவரப்பட்டுள்ளார் எனக் கொள்வோம். இரவுக் கடமையிலுள்ள மாணவி ஒவ்வொரு மணித்தியாலமும் அவரது நாடியையும் குருதியமுக்கத்தையும் அளந்து குறிக்கின்றாள். முதலில் நாடி 82, குருதியமுக்கம் 124/78. அடுத்து 94, 120/84. அதற்கடுத்து 108, 112/90. சுவாசம் நிமிடத்துக்கு 16இலிருந்து 24 ஆகியுள்ளது. புண்ணின் மேலிட்ட கட்டு உலர்ந்தே இருக்கின்றது. நோயாளி தண்ணீர் கேட்கின்றார். படுக்கையில் அமைதியின்றிப் புரள்கின்றார். "பிள்ளை, எனக்கு ஏதோ செய்யுது" என்கின்றார்.

ஒவ்வோர் எண்ணையும் தனித்து நோக்கினால் பேரச்சத்துக்கு இடமில்லை. வளர்ந்தோரின் நாடி 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். 108 அதனைச் சிறிதே கடந்தது. 112 என்னும் மேலமுக்கமும் வழக்கமான எல்லைக்கு உட்பட்டதே. எண்களைக் குறிப்பதோடு தன் கடன் தீர்ந்ததென எண்ணும் மாணவி அவற்றை எழுதிவிட்டு அப்பாற் செல்வாள். மூன்று வரிகளையும் ஒருசேர நோக்குபவளோ இடர்ப்பாட்டை உணர்கின்றாள். நாடி ஏறுகின்றது, மேலமுக்கம் இறங்குகின்றது, மேலமுக்கத்துக்கும் கீழமுக்கத்துக்கும் உள்ள இடைவெளி 46, 36, 22 எனச் சுருங்குகின்றது. இது முதற்படி.

தான் அளந்தது சரியா என மீண்டும் அளந்து பார்க்கின்றாள். கையிற் சுற்றும் பட்டி அளவிற் சிறிதாயினும், கை இருதய மட்டத்துக்குத் தாழ்ந்து கிடப்பினும், அமுக்கம் உள்ளதினும் மிகுத்துக் காட்டும் என்பதை அவள் அறிவாள். அளவு சரியென உறுதிப்பட்டபின் காரணங்களைக் கருதுகின்றாள்: வலியா, அச்சமா, காய்ச்சலா, உள்ளே குருதி கசிகின்றதா? வலி உண்டாவென நோயாளியை வினவுகின்றாள். மிகுதியாக இல்லை என்கிறார். வெப்பமானி 36.6 பாகை செல்சியசு காட்டுகின்றது, காய்ச்சல் அன்று. கைகால்கள் குளிர்ந்துள்ளன; முகம் வெளிறியுள்ளது. நகத்தை அமுக்கி விடுகின்றாள்; இரண்டு செக்கனுக்குள் மீளவேண்டிய செந்நிறம் தாமதித்து மீள்கின்றது. சிறுநீர்ப் பையைப் பார்க்கின்றாள், 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர்க்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றராவது இருத்தல் வேண்டும், அத்துணை இல்லை. கட்டு உலர்ந்திருத்தல் உள்ளே குருதி கசியவில்லை என்பதற்குச் சான்றாகாது என்பதும் அவள் நினைவுக்கு வருகின்றது. எஞ்சி நிற்பது உட்குருதிப் பெருக்கென்னும் ஐயமே.

நோய் இன்னதெனத் துணிதல் அவளுடைய பொறுப்பன்று, அது மருத்துவருக்குரியது. ஆயினும், மூத்த தாதிக்கும் மருத்துவருக்கும் உடனே அறிவித்தலும், அவர் வரும்வரை நோயாளியைத் தனியே விட்டுச் செல்லாமையும், நாளத்திற் பொருத்திய குழாய் தடையின்றி இருக்கின்றதாவெனப் பார்த்தலும் அவளுக்குரியன. இரவு 2 மணிக்கு மருத்துவரை எழுப்புவதெனின் மாணவிக்கு அச்சம் எழும். "யாதுமில்லை என்றால் ஏசுவாரே" என்னும் எண்ணம் நாவைக் கட்டும். இவ்விடத்தில், ஆராய்ந்தறிந்த உண்மை முழுவதும் சொல்லப்படாமையால் வீணாகும். பிரச்சினை தீர்க்கும் ஆற்றலுக்குத் தன்னம்பிக்கை இன்றியமையாதது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டா.

சொல்லும் முறையைப் பயிற்றுவதால் இவ்வச்சத்தைக் குறைக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிற் கையாளப்பட்டுப் பின்னர் வைத்தியசாலைகளுக்கு வந்த ஒழுங்கொன்று உண்டு. இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, தன் மதிப்பீடு, தான் வேண்டுவது என்னும் நான்கையும் அம்முறையே சுருங்கச் சொல்லுதல் அது. "வயிற்றுச் சத்திரசிகிச்சை முடிந்தவருடைய நாடி 82இலிருந்து 108 ஆகியுள்ளது, அமுக்கத்தின் இடைவெளி சுருங்குகின்றது, சிறுநீர் குறைவு, கை குளிர்ந்துள்ளது. உள்ளே குருதி கசிகின்றதோ என ஐயுறுகின்றேன். உடனே வந்து பார்க்குமாறு வேண்டுகின்றேன்" என்று சொல்லப் பழகியவள், யாதுஞ் சொல்லத் தெரியாது தடுமாறாள்.

அளவறிந்த நம்பிக்கை

தன்னம்பிக்கை மிகுந்தோறும் நன்மையே மிகும் எனக் கருதுதல் தவறு. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குறூகர், டனிங் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் மிகக் குறைந்த இடம் பெற்றோர் தம்மைச் சராசரிக்கு மேற்பட்டவராக மதித்திருந்தமை காணப்பட்டது. திறமைக் குறைவு, அக்குறைவை அறியும் ஆற்றலையும் உடன் குறைத்துவிடுகின்றது என்பது அவர்தம் விளக்கம். மருந்தின் அளவிலே ஐயம் தோன்றும்போது பிறரிடம் கேட்க நாணுகின்ற மாணவி இத்தகைய ஆபத்துக்கு அண்மையில் நிற்கின்றாள். "எனக்குத் தெரியாது, கேட்டு வருகின்றேன்" என்று சொல்லும் துணிவும் தன்னம்பிக்கையின் ஒரு கூறேயாகும்.

ஆகவே வேண்டப்படுவது, திறமையின் அளவுக்கு ஒத்த நம்பிக்கை. செய்முறைத் தேர்வுக்கு முன்னர்த் தான் எத்துணைச் செவ்வையாகச் செய்யவல்லள் என மாணவியே குறித்துவைத்து, தேர்வின் பின் ஆசிரியரின் மதிப்பீட்டோடு ஒப்புநோக்குதல் இதற்கு எளிய வழி. தன்னை மிகுத்து மதித்தவள் அடங்கவும், குறைத்து மதித்தவள் நிமிரவும் இஃது உதவும்.

திறமை வளரும் படிகள்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ருவாட் ட்றைபஸ், ஹியூபேட் ட்றைபஸ் என்னும் சகோதரர் சதுரங்க ஆட்டக்காரரையும் விமானிகளையும் ஆராய்ந்து, திறமை ஐந்து படிகளில் வளருமெனக் கூறினர். பற்றீசியா பெனர் என்னும் அம்மையார் இதனைத் தாதித் தொழிலுக்குப் பொருத்தி 1984ஆம் ஆண்டு நூலொன்று வெளியிட்டார். புதியவர், சிறிது முன்னேறியவர், தகுதியுற்றவர், தேர்ச்சியுற்றவர், வல்லுநர் என்பன அப்படிகள். புதியவர் விதிகளைப் பற்றிக்கொண்டு செல்வர். ஒரே துறையில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றியவர் தகுதியுற்றவராய் முன்னுக்கு வேண்டுவதையும் பின்னுக்கு வேண்டுவதையும் பிரித்தறிவர். வல்லுநரோ நிலைமை முழுவதையும் ஒரே நோக்கிற் காண்பர்.

இதனால் ஆசிரியர் அறியவேண்டியது ஒன்றுண்டு. வல்லுநர் விதியை நினையாது செய்வதைக் கண்டு புதியவரும் விதியைக் கைவிடலாகாது. நடைவண்டி பிடித்து நடக்குங் குழந்தையிடமிருந்து அதனை முன்கூட்டிப் பறித்தல் தீது. நடக்கக் கற்றபின்னும் விடாது பிடித்திருக்கச் செய்தலும் தீது. புறூணர் முதலிய மூவர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், பிரச்சினை தீர்க்கும் குழந்தைக்கு ஆசிரியர் அளிக்கும் உதவியைக் கட்டிடத்துக்கு இடுஞ் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சுவர் உறுதிப்படுந்தோறும் சாரம் நீக்கப்படுமாப்போல, மாணவியின் திறன் வளருந்தோறும் ஆசிரியர் சிறிது சிறிதாக விலகி நிற்றல் வேண்டும்.

ஆசிரியர் கடன்

நோயாளியைத் துன்புறுத்தாது பழகுதற்குப் பாவைகள் தோன்றின. அமெரிக்காவில் பொம்மை செய்து புகழ்பெற்ற மார்தா சேஸ் அம்மையாரின் தொழிற்சாலை செய்தளித்த ஆளளவுப் பாவை 1911ஆம் ஆண்டு ஹாட்போட் வைத்தியசாலைத் தாதியர் கல்லூரியை அடைந்தது. "திருமதி சேஸ்" என்றே மாணவியர் அதனை அழைத்தனர். 1960ஆம் ஆண்டு நோர்வே நாட்டில் விளையாட்டுப்பொருள் செய்துவந்த ஓஸ்மன் லேடால் என்பவர் மூச்சும் இதயத் துடிப்பும் நின்றவரை மீட்கும் பயிற்சிக்கெனப் பாவையொன்று ஆக்கினார். மார்பை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கவேண்டுமென்பதை நூலிற் படிப்பது எளிது. இரண்டு நிமிடம் தொடர்ந்து அமுக்கிப் பார்த்தவருக்கே அதன் களைப்புத் தெரியும்.

தேர்வு முறையிலும் மாற்றம் வந்தது. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் றொனால்ட் ஹாடன் என்பவர் 1975ஆம் ஆண்டு மருத்துவ மாணவர்க்கென வகுத்து வெளியிட்ட முறையில், மாணவர் பல நிலையங்களைச் சுற்றிவந்து, ஒவ்வொன்றிலும் குறித்த நேரத்தில் ஒரு செயலைச் செய்து காட்டுவர். யாவரும் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுவர். இம்முறை பின்னர்த் தாதியர் கல்விக்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும், பாவை வலியென்று முனகாது; வீட்டில் விட்டு வந்த பிள்ளையை நினைத்து அழாது. ஆதலின் பாவையிற் பெற்ற நம்பிக்கை நோயாளியிடத்து மீண்டும் சோதிக்கப்படும். ஒவ்வொரு பயிற்சிக்கும் பின்னர் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கிருந்து, "எதைக் கண்டீர், என்ன நினைத்தீர், ஏன் அவ்வாறு செய்தீர், மறுமுறை எதை மாற்றுவீர்" என வினவி ஆராய்தல் இன்றியமையாதது. செயலைப் பிரச்சினை தீர்க்கும் கல்வியாக மாற்றுவது இந்த உரையாடலே.

இதனினும் முதன்மையானது பிழையை ஆசிரியர் ஏற்கும் முறை. மருந்தைப் பிந்திக் கொடுத்த மாணவி உடனே அதனைச் சொல்வாளாயின் கேட்டைத் தடுக்க இயலும். சொன்னால் அவமானம் நேருமென அஞ்சி மறைப்பாளாயின், நோயாளிக்கு வருந்தீங்கு இரட்டிக்கும். மறைத்துப் பழகியவள் அப்பழக்கத்தை வாழ்நாள் முழுவதும் உடன் கொண்டு செல்வாள். பிழை செய்தமைக்காகவும் அதனைச் சொன்னமைக்காகவும் ஒருத்தியை ஒருங்கே தண்டித்தால், அடுத்த பிழையை எவருஞ் சொல்லார். கண்டிப்பும் வேண்டும், அஃது அசட்டைக்கு உரியதேயன்றி உண்மை சொன்னமைக்கு உரியதன்று.

தாய்மொழியும் தாதியும்

சிந்தனைக்கு மொழி கருவி. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884) மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும், கலைச்சொற்களை ஆக்கியும் பெருந்தொண்டு செய்தார். பிறமொழியில் மனனஞ் செய்தது தேர்வுக்கு உதவலாம். நள்ளிரவில், "இது ஏன் இவ்வாறு நிகழ்கின்றது" எனத் தனக்குள்ளே வினவும் மாணவிக்கு விளங்கிக் கற்ற பொருளே உதவும். நோயாளியோ, "நெஞ்சை அடைக்குது", "தலை அம்முது", "நாரி நோகுது" என்றே சொல்வார். அச்சொற்களைக் கேட்டு, அவை எந்த உறுப்பின் எந்த நிலையைக் குறிப்பனவென ஆராய்ந்து, மருத்துவர்க்குரிய மொழியில் மாற்றிச் சொல்பவள் தாதியே. நோயாளியின் சொல்லைப் புறக்கணியாமை பிரச்சினை தீர்த்தலின் முதற்படியாகும்.

முடிவுரை

உலக சுகாதார நிறுவனம், நைற்றிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 2020ஆம் ஆண்டைத் தாதியர்க்கும் மருத்துவ மாதர்க்கும் உரிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டிலேயே கொள்ளைநோய் உலகெங்கும் பரவித் தாதியரின் அருமையை எல்லார்க்கும் உணர்த்திற்று. ஆனால், அத்தகையோர் ஒரு நாளில் உருவாவதில்லை. நடுங்குங் கையோடு தோடம்பழத்தில் ஊசி குத்தத் தொடங்கிய மாணவி, நள்ளிரவில் மருத்துவரை அழைத்து, "ஐயுறுகின்றேன், வந்து பாருங்கள்" என்று சொல்லும் நிலையை அடைவதற்கு இடையே பல நாட் பயிற்சியும், பல பிழைகளும், அப்பிழைகளைப் பொறுமையோடு ஆராய்ந்த ஆசிரியர் பலரும் இருந்திருத்தல் வேண்டும்.

சரகர் கூறிய முறையறிவு, கைத்திறன், அன்பு, தூய்மை என்னும் நான்கும் தாதிக்கு அணிகலனாக, அவற்றைத் தக்க நேரத்தில் தக்கவாறு செயற்படுத்துவன தன்னம்பிக்கையும் பிரச்சினை தீர்க்கும் ஆற்றலுமேயாம். தேர்வில் விடையெழுதும் திறனை மட்டும் அளந்து, வினா எழுப்புந் திறனையும் "தெரியாது" எனச் சொல்லுந் துணிவையும் வளர்க்காத கல்வி எத்துறையிலும் குறையுடையதே. பாடசாலையில் அக்குறை புள்ளியளவில் முடிந்துவிடலாம். வைத்தியசாலையில் அஃது ஓர் உயிரளவிற் சென்று முடியும். ஆதலின், தாதியர்க்குக் கற்பிப்போரும், தாதியராக வரவிருக்கும் மாணவர்க்குப் பாடசாலையிலே அடித்தளம் இடுவோரும் இதனை நினைவிற் கொள்வது கடனாகும்.